நாற்பத்திரண்டு தலைகள்

ஜாதவ்பூர் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் சுற்றுலாப் படிப்பு தொடங்கியபோது, முதல் பருவ மாணவர்களுக்குத் தொழிலை அறிமுகம் செய்துவைக்க என்னைக் கூப்பிட்டார்கள். கொல்கத்தாவில் டிராவல்ஸ் அலுவலகத்திலேயே தலை நரைத்தவன், தமிழ் யாத்திரைக் கூட்டங்களை ஹௌராவில் இறக்கி ஹௌராவிலேயே ஏற்றி அனுப்பியவன் என்பதுதான் என் தகுதி. வகுப்பில் பதினான்கு பேர். மின்விசிறி நான்கு, அதில் சுற்றுவது இரண்டு. விமான நிறுவனம், பெரிய ஓட்டல் என்ற எண்ணத்தோடு வந்திருந்த பிள்ளைகளிடம், இந்தத் தொழிலில் முதல் வேலை தலை எண்ணுவது, கடைசி வேலையும் அதுதான் என்றேன். சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எண்ணுவதற்கு ஒரு முறை இருக்கிறது. நம் யாத்திரைக்காரர்களை விரல் நீட்டி எண்ணினால் ஆயுசு குறையும் என்று சண்டைக்கு வருவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால், இது என்ன பள்ளிக்கூடமா என்பார்கள். அதனால் தண்ணீர் வேண்டுமா என்று விசாரிப்பதுபோலப் பேருந்தின் முன்னாலிருந்து பின்னால் வரை நடந்து, வாய்க்குள் எண்ண வேண்டும். தூங்குகிறவரை எழுப்பக் கூடாது. நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன், அப்படியே கற்றுக்கொடுத்தேன்.

ஜனவரியில், கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கயா, காசி போகும் கூட்டம் ஒன்று வந்தது. மொத்தம் நாற்பத்திரண்டு பேர். கொல்கத்தாவில் ஒரு பகல்; மாலையில் ஹௌராவில் கயா ரயில். வேலையைக் கண்ணால் பார்க்கட்டும் என்று ஒரு மாணவியை மட்டும் உடன் அழைத்துப் போனேன். லேக் மார்க்கெட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண். வங்காளம் சரளமாக வரும். தமிழ் யோசித்துத்தான் வரும்.

தட்சிணேசுவரத்தில் இறங்கும்போதே கூட்டத்தில் ஒருவர் அவளைப் பேச்சுக்குப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற கிழவரைக் காட்டி, "இவுக எங்க பெரியப்பா மகன். ஒரே ரத்தம். சின்னதுல ஒரே தட்டுல தின்னு வளந்தவங்க" என்றார்.

"முக்கால் தட்டை அவன் தின்னுருவான் தாயி. அதான் நான் இப்பிடி இருக்கேன், அவன் அப்பிடி இருக்கான்" என்றார் கிழவர். அவர் மனைவி முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார்.

காளிகாட்டில் கிழவர் இறங்கவில்லை. "கால் கடுக்கு. காளிக்கு என்னையத் தெரியும், நீ போயிட்டு வா" என்று மனைவியை அனுப்பிவிட்டு, ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டார். எல்லோரும் திரும்பியதும் அந்தப் பெண் நடந்து எண்ணினாள்.

"நாப்பத்திரண்டு, சார். டீக் ஆச்சே, சரியா இருக்கு."

அலிப்பூர் மிருகக்காட்சிசாலை வாசலில் கூட்டத்துச் சமையல்காரர்கள் தயிர்சாதப் பொட்டலம் கொடுத்தார்கள். கிழவரின் மனைவி அவருடையதை வாங்கி மடியில் வைத்தார். "அவுக தூங்கட்டும். ராத்திரி பூரா ரயில்ல முழிச்சிருந்தாக" என்றார். கூட்டம் யானையும் புலியும் பார்த்துத் திரும்பியது. அவள் மறுபடி எண்ணினாள். மறுபடி நாற்பத்திரண்டு.

பேருந்து ஒரு திருப்பத்தில் சாய்ந்தபோது பொட்டலம் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்த மனைவியின் கை அவர் கையில் பட்டது. அந்த அம்மா கத்தவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்து, "குளுந்து கெடக்கு தாயி" என்றார்.

பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்பினோம். உயிர் போய்ச் சில மணி நேரமாகிவிட்டது என்றார் டாக்டர். அந்தப் பெண் என்னிடம் வந்து, "அப்போ நான் எண்ணினப்போ, சார்?" என்று கேட்டாள்.

சென்னையிலிருக்கும் மகன் மறுநாள் காலை விமானத்தில்தான் வர முடியும். அதுவரை அந்த அம்மா யாரோடு இருப்பது? பாஷை தெரியாத ஊர், போலீஸ் கேள்விகள் வேறு. ஆஸ்பத்திரி வாசலில், காலையில் பேசிய அந்தச் சித்தப்பா மகன் சொன்னார்: "நீங்க உள்ள போங்க மதினி. நான் பின்னாலயே வாரேன்." அந்த அம்மா நம்பி உள்ளே போனார்.

அந்த மனிதரோ திரும்பி வந்து பேருந்தில் ஏறி உட்கார்ந்தார்.

கூட்டத்தின் மேனேஜர் அவசரத்தில் இருந்தார். "ரயிலை விட்டா நாப்பது பேர் பயணமும் போச்சு, சார். நாளைக்குக் கயாவுல பிண்டம். சொந்தக்காரங்க யாராவது ஒருத்தர் அந்தம்மாகூட இறங்கினாப் போதும்" என்றார். எல்லோருமே அந்த மனிதரைப் பார்த்தார்கள். பங்காளி என்று இறங்கினால் அவருக்குத் தீட்டு. தீட்டுக்காரர் கயாவில் பிண்டம் வைக்க முடியாது, காசியில் கோயிலுக்குள் போக முடியாது. அதற்காகத்தான் ஊரிலிருந்து கிளம்பியிருந்தார்.

"நமக்கு ஒரே ஊரு. அவ்வளவுதான்" என்றார்.

"காலையில ஒரே ரத்தம்னு சொன்னீங்களே, அங்கிள்" என்றாள் அந்தப் பெண்.

"பெரியவங்க பேச்சுல நீ வராத" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மறுத்துப் பேச அந்த வண்டியில் ஒருவரும் இல்லை. எல்லோரும் அவரவர் ஜன்னல் வழியே கொல்கத்தாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் தன் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். "நான் அவங்ககூட இருக்கேன், சார். அம்மாவையும் வரச் சொல்றேன்."

சாமான்களை இறக்கி ஏற்ற ஆள் வேண்டியிருந்ததால் நான் ஹௌராவுக்குப் போனேன். பெட்டியில் எல்லோரும் ஏறியதும் மேனேஜர் முன்னாலிருந்து பின்னால் வரை நடந்தார். "நாப்பது. சரி" என்றார். சித்தப்பா மகன், தம்பதியின் துணிப்பையை ஜன்னல் கம்பி வழியாக என்னிடம் நீட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆரஞ்சுப் பழம் ஒன்றை உரிக்க ஆரம்பித்தார்.

அப்போது அவள் போன் வந்தது. "கொழுந்தன் எங்கேன்னு அவங்க கேட்டுட்டே இருக்காங்க, சார். நான் என்ன சொல்ல?"

"ரயில் கிளம்பிட்டதுன்னு சொல்லு" என்றேன்.

"என்னால முடியாது. நீங்க வந்து சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள்.

பாலத்தில் நெரிசல். வேளைக்குப் போட வேண்டிய என் இரத்த அழுத்த மாத்திரை வீட்டில் இருந்தது. வழியெல்லாம் என்ன சொல்வதென்று யோசித்தேன். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பெஞ்சில் அந்த அம்மா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பையோடு நான் வருவதைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பையை வாங்கவில்லை. என் தோளுக்கு மேலாக, எனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நின்றார்.