மணிக்கு ஒரு பெண்

வானொலியில் ஒரு பெண் பாடி முடித்த கையோடு இன்னொரு பெண் பாடத் தொடங்கினால் நீங்கள் என்ன செய்வீர்கள்? பதறிப்போய் வேறு நிலையத்துக்கு மாற்றிவிடுவீர்களா? மாற்றுவீர்கள் என்று சத்தியம் செய்கிறார் அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில், பிக்கெட்ஸ் ஃபோர்டு என்ற ஊரின் வானொலியை நடத்தும் ராயஸ் டில்லர்டு. அதனால் அங்கே மணிக்கு ஒரு பெண்தான் பாடலாம். அதற்கு மேல் ஊர் தாங்காதாம்.

லூடெல் ஹாட்சர் அந்த நிலையத்தைக் கேட்டுக்கொண்டேதான் முடி வெட்டுவார். தூண்டில் புழு விற்கும் கடையின் பின்னறையில் அவருடைய சலூன். ஆண்கள் லாரியைப் பற்றிப் பாடுவார்கள், பீரைப் பற்றிப் பாடுவார்கள், மறுபடியும் லாரியைப் பற்றிப் பாடுவார்கள். கத்தரி நிற்காமல் ஓடும். பெண் குரல் வந்ததும் நின்றுவிடும்.

"வந்துட்டா பாரு, இந்த மணிக்கான பொம்பள. அடுத்தவ வர்றதுக்குள்ள உனக்கு முடி வளந்துடும்."

எழுபதைத் தாண்டியவர். பாடத் தொடங்கியபோது தலையில் நரை இல்லை, வாயில் இதே நக்கல் இருந்தது. மாட்டு ஏலக் கொட்டகையில் பாடியிருக்கிறார். டிராக்டர் பந்தயத்தின் இடைவேளையில், இன்ஜினை அணைக்க மறுத்த ஓட்டுநர்களுக்கு எதிரே நின்று பாடியிருக்கிறார். அந்தக் குரலுக்கு அங்கேதான் உரம் ஏறியது. ஒரு சவ அடக்கத்தில் கிட்டாருக்குச் சுருதி சேர்க்க அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில், செத்தவரே எழுந்து போயிருப்பார் என்று அந்த வீட்டார் இன்னும் சொல்கிறார்கள்.

போன குளிர்காலத்தில் ஒரு ஆல்பம் பதிவு செய்தார். பெயர் 'உப்புப் போட்ட தர்பூசணி'. நாட்டுப்புற மெட்டு, அதன் மேல் மின்கிட்டாரின் உறுமல். பதிவு நடந்தது ஹோய்ட்டின் கோழிக் கொட்டகையில். ஹோய்ட் ஸ்டீல் கிட்டார் வாசிப்பவர். கோபம் வந்தால் காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு இன்னும் நன்றாக வாசிப்பார். ஒரு பாட்டின் நடுவே கோழி கத்துகிறது. அதை எடுத்துவிடலாம் என்றார் ஹோய்ட்.

"விடுய்யா. அது சரியான இடத்துலதான் கத்துது. டிரம்ஸ்காரன்தான் தப்பு."

அந்தப் பாட்டு, கோழி ஆலையில் இரண்டு விரல்களை இழந்த பெண் ஒருத்தி பாடுவது. நஷ்டஈடு கேட்டவளுக்கு முதலாளி கிறிஸ்துமஸுக்கு ஒரு பன்றித்தொடை அனுப்புகிறான். அதை வெட்ட அவளுக்கு விரல் இல்லை.

ராயஸ் அந்த ஆல்பம் முழுவதையும் கேட்டார். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

"பிரமாதம், மிஸ் லூடெல். ஆனா இந்த மணிக்கு ஒரு பொம்பள ஆயிடுச்சே."

"அடுத்த மணிக்குப் போடு, கண்ணு."

"அதுக்கும் ஒருத்தி இருக்காளே. ரெண்டு பேரச் சேத்துப் போட்டா ஜனங்க ஸ்டேஷன மாத்திடுவாங்க."

"யாரு மாத்தினா? ஒரே ஒரு பேரு சொல்லு."

"அப்படித்தான் சொல்றாங்க."

"யாரு சொல்றா?"

"எல்லா ஸ்டேஷன்லயும்தான்."

அறிவுள்ளவர்கள் இந்த இடத்தில் தலையில் அடித்துக்கொள்வார்கள். லூடெல் சோதனை செய்து பார்த்தார். அதே பாட்டை வேகமாகப் பாடிப் பதிவு செய்தார். ஹோய்ட் அந்த டேப்பை மெதுவாக ஓட்டினார். கனத்த, சோகமான ஆண் குரல் ஒன்று வெளியே வந்தது. அதற்கு லூதர் ஹாட்சர் என்று பெயரிட்டு, வேறு ஊர்த் தபால் முத்திரையோடு ராயஸுக்கு அனுப்பினார்கள்.

லூதர் காலையில் பாடினார், மதியம் பாடினார், தன் பாட்டுக்குப் பின்னாலேயே மறுபடியும் பாடினார். ஒருவரும் நிலையத்தை மாற்றவில்லை. தேவாலயத்தில் அவருடைய முழங்கால் வலிக்காக ஜெபம் நடந்தது. வலி இருப்பதாக யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. அவரோடு பள்ளியில் படித்ததாக ஷெரிஃப் ஆபீஸில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டார்கள். லூடெலிடம் வாரா வாரம் முடிக்குச் சுருள் போட்டுக்கொள்ளும் பர்னிஸ், லூதர் பெயருக்குப் பீக்கன் பருப்பு வைத்த இனிப்புப் பலகாரம் ஒன்று சுட்டு நிலையத்தில் கொடுத்துவிட்டு வந்தாள்.

"பொம்பள மனச இவ்ளோ புரிஞ்ச ஆம்பள எங்க இருக்கான், லூடெல்! ரெண்டு விரல் போனவ மாதிரியே பாடுறாரே!"

"தலைய ஆட்டாத. காது போயிடும்."

கோடைத் திருவிழாவில் லூதர்தான் முக்கியப் பாடகர் என்று அறிவிப்பு வந்தது. ராயஸ் சலூனுக்கே வந்தார்.

"லூதருக்கு முன்னாடி ரெண்டு பாட்டு பாடுறீங்களா, மிஸ் லூடெல்? இந்த வருஷப் பொம்பள இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு."

"லூதர் வருவாரா?"

"நேத்துதான் போன்ல பேசினேன். கட்டாயம் வரேன்னாரு. தங்கமான மனுஷன்."

மூலையில் இருந்த ஹோய்ட் காதுக் கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பரிசு வாங்கிய பன்றிகளின் பட்டிக்குப் பக்கத்தில் மேடை. லூடெல் தன் இரண்டு பாட்டையும் பாடிவிட்டு மேடையிலேயே நின்றார். ஹோய்ட் டேப்பை ஓட்டினார். லூதரின் குரல் எழுந்ததும் ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ஹோய்ட் வேகத்தை மெல்ல மெல்லக் கூட்டினார். குரல் ஏணியில் ஏறுவதுபோல் ஏறியது. உச்சிப் படிக்கு அது வந்தபோது லூடெல் வாயைத் திறந்து அதோடு சேர்ந்து பாடினார். டேப்பில் இருந்ததும் அவர் தொண்டையில் இருந்ததும் ஒரே குரல். இதைவிட வெட்டவெளிச்சமான நிரூபணத்தை ஒரு நீதிமன்றம்கூடக் கேட்காது.

கழற்றிய தொப்பிகளை ஆண்கள் மறுபடியும் மாட்டிக்கொண்டார்கள். முதலில் வாய் திறந்தவள் பர்னிஸ்.

"அடப்பாவிங்களா! அந்த மனுஷன என்ன பண்ணித் தொலைச்சீங்க!"

மறுநாள் காலை ராயஸ் வானொலியில் தழுதழுத்தார். பொறாமை பிடித்த ஒரு பெண், இயந்திரத்தை வைத்து நம் லூதரைப் பெண்ணாக்கிவிட்டாளாம். லூதர் போன் செய்து அவளை மன்னித்துவிட்டதாகச் சொன்னாராம். அதைக் கொண்டாட, லூதரின் பாட்டை அடுத்தடுத்து இரண்டு முறை போட்டார்.

ஆக, லூடெலின் வாழ்நாள் உழைப்பு இப்போது, பிறக்கவே பிறக்காத ஒருவனுக்குச் சொந்தம். கோழி கத்தும் அந்தப் பாட்டு அவர் பெயரில் இதுவரை ஒரு முறைகூட ஒலிபரப்பாகவில்லை. பாட்டைத் தேர்ந்தெடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள், கேட்பவர்களுடைய பெயரில் தங்கள் கோழைத்தனத்தை ஒலிபரப்பிக்கொண்டிருக்கிறார்கள். கேட்பவர்களை யாரும் கேட்கவில்லை.

லூடெல் கேட்கவைக்கிறார். யார் வந்து உட்கார்ந்தாலும் கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டுவார், ஒரு பக்கம் மட்டும் வெட்டுவார், கத்தரியை மேஜையில் வைப்பார். நிலையத்தின் எண்ணைச் சுழற்றி, போனை அவர்கள் காதில் வைப்பார்.

"பேசு கண்ணு. மீதிய அப்புறம் வெட்டுறேன்."

இப்போது போன் உங்கள் காதில் இருக்கிறது. அந்தப் பக்கம் மணி அடிக்கிறது. ராயஸ் எடுத்ததும் லூடெல் ஹாட்சரின் பாட்டை, லூடெல் ஹாட்சர் என்ற பெயரிலேயே கேளுங்கள். அது முடிந்த கையோடு இன்னொரு பெண்ணைப் பாடவிடச் சொல்லுங்கள்.