ஆக்சிலேட்டரை மிதித்தும் ஓடாத வண்டிகள்

கார் மெக்கானிக்கிடம் வருகிறவர்களும் டாக்டரிடம் போகிறவர்கள் மாதிரிதான். வீட்டில் தாங்களே செய்துகொண்ட வைத்தியத்தை லேசில் சொல்ல மாட்டார்கள். அதிலும் எலக்ட்ரானிக் த்ராட்டில் வந்த பிறகு கேட்கவே வேண்டாம். முன்பெல்லாம் ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு கேபிள் இழுக்கும், அவ்வளவுதான். இப்போது பெடல் கம்ப்யூட்டருக்குச் சொல்லி, கம்ப்யூட்டர் ஒரு மோட்டாருக்குச் சொல்லி, அந்த மோட்டார் இன்ஜினுக்குக் காற்று விடுகிற த்ராட்டில் தகட்டைத் திறக்க வேண்டும். நடுவில் சின்னச் சந்தேகம் வந்தாலும் வண்டி நாற்பதுக்கு மேல் போகாது. மரக்காணத்தில் ஈசிஆர் ஓரம் ஷெட் வைத்திருக்கிறேன். இதே தொழிலில் இருக்கிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கலாம், உங்களுக்கும் நடந்திருக்கும்.

பல் தேய்க்கிற பிரஷ்

பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் வந்தார். வண்டி சும்மா நின்றாலும் இன்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது. "நான் ஒண்ணும் கழட்டலைங்க, தானா இப்படி ஆயிடுச்சு" என்றார். பானெட்டைத் திறந்தால் த்ராட்டில் பளபளவென்று இருக்கிறது, பேட்டரி மேல் ஒரு பல் பிரஷ் கிடக்கிறது. மொபைலில் வீடியோ பார்த்து அழுக்கை எடுத்திருக்கிறார். அது தப்பே இல்லை. அழுக்கு போன பிறகு கம்ப்யூட்டரைப் புது அளவுக்குப் பழக்க வேண்டும். அது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. வண்டிக் கம்ப்யூட்டரில் கோளாறு பார்க்கிற ஸ்கேனரை மாட்டிப் பழக்கினேன், ஐந்தே நிமிடத்தில் அடங்கிவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். டீ குடிக்க வந்த நாலு பேர் முன்னால் அந்தப் பிரஷைத் தூக்கிக் காட்டிச் சிரித்தேன். அதில் இரண்டு பேருடைய பிள்ளைகள் அவரிடம்தான் படிக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. வாத்தியார் சாவியை வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "தெரியாததைக் கேட்டா சிரிப்பாங்கன்னு பயந்துதாங்க நானே செஞ்சேன்."

என் விரல்

த்ராட்டில் தகட்டை விரலால் தள்ளக்கூடாது என்று ஒரு கஸ்டமருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். விளக்குகிற வேகத்தில் என் விரலையே உள்ளே விட்டுவிட்டேன். சாவி ஆனில் இருந்தது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி தெரியாமல் பெடலைத் தொட்டு விட்டுவிட, தகடு திறந்து மூடி என் விரலைக் கவ்வியது. நான் போட்ட சத்தத்தில் பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என்னோடு வேலை பார்க்கிற கூனிமேடு ஜப்பார் பாய் வந்து, சாவியை ஆஃப் பண்ணி, விரலை எடுத்துவிட்டு அந்தக் கஸ்டமரிடம் சொன்னார்: "பார்த்தீங்கல்ல, இப்படித்தான் செய்யக்கூடாதுன்னு சொல்ல வந்தார்."

கறுப்பு டேப்

இதைச் சொல்ல இன்னமும் கூசுகிறது. ஸ்டீபன் உப்பளத்தில் லோடு ஏற்றுகிற இடத்தில் மேஸ்திரி. அவர் மனைவி மேரிக்கு வாரம் இரண்டு தடவை பாண்டிச்சேரியில் டயாலிசிஸ். அதற்காகவே ஒரு பழைய கார் வாங்கி வைத்திருந்தார். ஒரு நாள் ஏர் ஃபில்டரை அவரே மாற்றினார். அடுத்த தடவை போகும்போது வண்டி நாற்பதுக்கு மேல் ஏறவில்லை. ஸ்கேனர் த்ராட்டில் என்று காட்டியது. "ஃபில்டர் மாத்தறேன்னு எதையோ நோண்டிட்டீங்க" என்று சொல்லி, புது த்ராட்டில் மாட்டினேன். "தப்பு என்னுதுதாங்க" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

இரண்டாவது வாரமே நடுரோட்டில் மறுபடியும் அதே கதை. மேரியை பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். உட்கார இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே போய், நேரமாகிவிட்டதால் அன்றைக்கு அரைகுறையாகத்தான் டயாலிசிஸ் நடந்தது. மறுநாள் இருவரும் அதே வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார்கள்.

இந்தத் தடவை ஜப்பார் பாய் த்ராட்டிலுக்கு வருகிற ஒயரைப் பிடித்துப் பார்த்தார். கனெக்டரின் லாக் உடைந்து, மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தது. உள்ளே உப்புக்காற்று பட்டு ஒரு பின்னில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. அந்த டேப் நான் சுற்றியது. இரண்டு மாதம் முன்பு இதே வண்டியில் வேறு வேலைக்காகக் கழற்றும்போது லாக்கை உடைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் சுற்றினேன். புது த்ராட்டில் மாட்டும்போதும் அதே கனெக்டரைத்தான் அப்படியே செருகினேன். டேப்பைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. குற்றவாளி யார் என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டேன் அல்லவா.

பாய் என் முகத்தைப் பார்த்தார். ஸ்டீபன், "நான் மாட்டும்போது உடைஞ்சிருக்குமோ?" என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "இல்லைங்க. உடைச்சது நான். நீங்க செஞ்ச வேலையில ஒரு தப்பும் இல்லை" என்றேன். ஸ்டீபன் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பின்சீட்டிலிருந்து மேரிதான் பேசினார்: "பஸ்ஸுல நின்னுக்கினே இவரைத்தாங்க திட்டினு போனேன், அந்தத் திட்டையெல்லாம் இப்ப எப்படித் திருப்பி வாங்கிக்கறது?"

உண்மை பேசிப் பார்த்தது

அதன் பிறகு யார் வந்தாலும் முதலிலேயே பேசிவிடுவது என்று வைத்துக்கொண்டேன். குயிலாப்பாளையத்தில் கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிற அம்மா ஒருவர், வண்டி திணறுகிறது என்று வந்தார். "நீங்களே ஏதாவது கழட்டியிருந்தாலும் பயப்படாம சொல்லுங்கம்மா. நானே கஸ்டமர் வண்டியில உடைச்சிட்டு மறைச்சிருக்கேன்" என்றேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பாய் பக்கம் திரும்பிக் கேட்டார்: "இங்க வேற மெக்கானிக் யாருன்னா இருக்காங்களா?"

கோளாறு எந்த இடத்தில் என்று ஸ்கேனர் காட்டும், யாரால் என்று காட்டாது. அந்த ஒரு புண்ணியத்தில்தான் என்னைப் போன்றவர்களின் ஷெட் இன்னும் திறந்திருக்கிறது.