‘ங்க’ விட்டுப்போன காலை

கொங்கு மரியாதையைப் பற்றி யாராவது பெருமை பேசினால் எனக்கு எரிச்சல்தான் வரும். ‘ங்க’ என்று இரண்டு எழுத்து, அவ்வளவுதான். அதைக் கேட்பதற்கென்றே எங்கள் முதலாளி காதைத் தீட்டி வைத்திருந்தார். வேறு எதற்கும் அந்தக் காது உதவியதில்லை.

திருப்பூரில் அவருடைய பனியன் கம்பெனியில் என் வீட்டுக்காரர் கட்டிங் மாஸ்டர். நான் அங்கேயே செக்கிங்கில் இருந்தேன். தெரு நாயைக்கூட ‘போங்க’ என்று விரட்டுகிற மனிதர் என் வீட்டுக்காரர். பன்றிக் காய்ச்சல் என்று ஊரே பேசிய வருடம் அவருக்கும் ஃப்ளூ வந்து, இருமி இருமிக் கிடந்தார். ஜுரம் விட்டதோ இல்லையோ, ஷிப்மென்ட் அவசரம் என்று கம்பெனி வேன் வாசலுக்கு வந்துவிட்டது. “சளிக்கெல்லாமா படுத்துக்குவாங்க?” என்று முதலாளி கேட்டாராம். தான் தும்மினால் கோயமுத்தூருக்குக் காரை விடுகிற ஆள்!

இவர் வேலைக்குத் திரும்பிய அன்று காலை முதலாளியே கட்டிங் மேசைக்கு வந்தார். “துணி விரிச்சாச்சுங்களா மாஸ்டர்?”

“இல்ல.”

“ஏனுங்க?”

“தெரியாது. போ.”

மேசையைச் சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்களாம். “லீவு போட்டா மரியாதையும் லீவுல போயிருமாங்க?” என்று கத்திவிட்டு, ஆபீசுக்கு இழுத்துப்போய் உட்காரவைத்தார் முதலாளி. மன்னிப்புக் கேட்காமல் எழுந்திருக்கக் கூடாதாம். விஷயம் காதில் விழுந்து நான் ஓடினால், மேனேஜர் கதவில் மறித்தார். “ஒரு வார்த்தை மன்னிச்சுக்குங்கன்னு சொல்லிப்போட்டா முடிஞ்சுது. வாயில என்ன கொழுக்கட்டையா? நீ போயி வேலையப் பாரு கண்ணு.”

மதியச் சாப்பாட்டு மணி அடித்த பிறகுதான் என்னை உள்ளே விட்டார்கள். இவர் வாய் ஒரு பக்கம் கோணி எச்சில் வழிந்துகொண்டிருந்தது. வலது கை மடியில் செத்துக் கிடந்தது. எதிரே அத்தனை பெரிய மனிதர்கள் உட்கார்ந்துகொண்டு அவருடைய திமிரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கோயமுத்தூர் டாக்டர் எனக்குப் புரியும்படி சொன்னார். ஃப்ளூ கிருமி நுரையீரலோடு நிற்பதில்லையாம். அதை எதிர்த்து உடம்பு போராடும்போது ரத்தக் குழாயின் உள்பக்கம் புண்ணாகும், ரத்தமும் சுலபமாக உறையும். காய்ச்சல் விட்டாலும் சில வாரம் அந்த ஆபத்து உண்டு. அப்படி உறைந்த ஒரு கட்டிதான் மூளையில் பேச்சுக்கான இடத்துக்கு ரத்தம் போகாமல் அடைத்துவிட்டது.

“பேச்சு மாறுனப்பவே கூட்டிட்டு வந்திருந்தா கட்டியைக் கரைக்க ஊசி போட்டிருக்கலாம்மா. இப்பப் போட்டா மூளைக்குள்ள ரத்தம் கசியும்.”

அந்த நேரம் முழுவதையும் மன்னிப்புக்காகத் தின்று தீர்த்திருந்தார்கள். அவருக்குப் பேச்சு திரும்பவே இல்லை.

பிறகு ஒருநாள் முதலாளி ஆப்பிளோடு வீட்டுக்கு வந்தார். “எப்படீங்க இருக்கீங்க மாஸ்டர்?”

இவர் இடது கையை மெல்லத் தூக்கினார்.

முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. “பாருங்க, இந்த நெலமையிலயும் கும்புடறாரு. மரியாதை மட்டும் போகவே இல்லீங்க.”

அந்தக் கை வாசலைக் காட்டிக்கொண்டிருந்தது.