பனிமலையில் கேட்ட சூளைக் குரல்

பேய், பிசாசு, காத்து, கருப்பு இதெல்லாம் எனக்கு அறவே பிடிக்காத பேச்சு. எவனாவது ஆரம்பித்தால் "போய் வேலையப் பாருடா" என்று எழுந்து போய்விடுவேன். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு என்னமோ பிடித்துவிட்டது என்று வேப்பிலை அடித்துக்கொண்டிருந்தபோது, சண்டை போட்டு ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவன் நான், கடைசியில் டைஃபாய்டு என்றார்கள். அப்படிப்பட்ட ஆள் இதைச் சொல்கிறேன். நீங்கள் வாய்க்குள் சிரிப்பீர்கள், தெரியும். சிரித்துக்கொள்ளுங்கள், முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

விருத்தாசலத்தில் பீங்கான் சூளையில்தான் எனக்கு வேலை. அகல் விளக்கு, பொம்மை, ஊறுகாய் ஜாடி எல்லாவற்றையும் சூளைக்குள் கொண்டுபோய் அடுக்குகிற கூட்டத்தில் நானும் ஒருவன். ஆள் நுழைகிற அளவுக்கு வாசல் இருக்கும். அடுக்கி முடித்ததும் வெளியே வந்து, செங்கல் வைத்து வாசலை மூடி, மண் பூசி, அதற்கப்புறம்தான் நெருப்பு. கடைசிக் கல் வைப்பதற்கு முன்னால் எங்கள் தனவேல் மேஸ்திரி ஒவ்வொருத்தன் பேரையும் கூப்பிடுவார். "பாலு, வெளியவா?" என்பார், நான் வெளியே நின்று "வெளிய!" என்று சொல்ல வேண்டும். எல்லோரும் சொன்ன பிறகுதான் கல் ஏறும். என்றைக்கோ ஒருத்தன் உள்ளேயே அசந்து தூங்கி, தெரியாமல் மூடிவிட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. நிஜமோ பொய்யோ, பேர் கூப்பிடாமல் எங்கள் சூளையில் நெருப்பு வைத்ததே கிடையாது.

என் தங்கை செல்வியின் புருஷன் ரவியும் எங்களோடுதான் வேலை. அவனுக்கு ஒரு கெத்து. வெந்து முடிந்த சூளை முழுசாக ஆறுவதற்குள் சரக்கை எடுக்கச் சொல்லி அவசரப்படுத்துவார்கள், அப்போது நனைத்த சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு முதலில் உள்ளே போவது ரவிதான். மற்றவன் மூச்சு முட்டி ஓடி வருவான், இவன் சிரித்துக்கொண்டு வருவான். உள்ளே போவதற்கு முன்னால் எங்கள் ஆட்கள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள், குடித்தால் அந்தச் சூட்டில் வாந்தி வரும். மடமடவென்று போக வேண்டும், மடமடவென்று வர வேண்டும், வெளியே வந்துதான் தண்ணீர். அது ரவிக்கு ரத்தத்தில் ஊறிப்போன பழக்கம்.

இது நடந்ததற்கு முந்தின வருஷம் நான் மலையேறுகிற ஒரு கூட்டத்தோடு இமயமலைப் பக்கம் போய்வந்தேன். முதல் தடவை வருகிறவர்களுக்கானது, சுலபமான வழி. அதற்கே தலை பிளந்து, சோறு இறங்காமல், கூடாரத்துக்குள் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டு கிடந்தேன். அந்தப் போட்டோக்களைப் பார்த்ததிலிருந்து ரவிக்கு ஆசை பிடித்துவிட்டது. சரி, நான் போன இடத்துக்கே போகலாம் என்றேன். அவன் செல்போனை நீட்டினான். ரொம்ப உயரத்தில் ஒரு கணவாய், பேர் சொல்ல மாட்டேன், 'நல்ல அனுபவம் உள்ளவர்களுக்கு மட்டும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"மாப்ள, இது நமக்கு ஆகாது. மேல போவப் போவக் காத்தே இருக்காது. மொதல்ல சின்னதா ஒண்ணு ஏறு, ஒடம்பு எப்படித் தாங்குதுன்னு பாரு, அடுத்த வருஷம் இதப் பாத்துக்கலாம்."

"காத்து இல்லாத எடத்துலதான் மச்சான் நான் தெனம் வேல செய்றேன். சூளைக்குள்ள என்ன ஃபேனா ஓடுது?"

"அது சூடு, இது குளிரு. ரெண்டும் ஒண்ணா?"

"சூட்டத் தாங்குறவனுக்குக் குளிரு எம்மாத்திரம்?"

இதற்கு முன்னால் எவ்வளவு உயரம் போயிருக்கிறீர்கள் என்று அந்தக் கம்பெனிக்காரன் போனில் கேட்டதற்கு, நான் போன மலையைத் தானும் போனதாக வாய் கூசாமல் சொல்லிவிட்டான். எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே நாலு சாத்து சாத்தியிருக்க வேண்டும். செல்விதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணா, சொன்னா கேக்க மாட்டாரு, தனியாவாச்சும் போயிடுவாரு. நீ கூடப் போ. எனக்கு அவர முழுசாக் கொண்டாந்து வுட்டுடு, வேற எதுவும் கேக்கல" என்று அழுதாள். அதற்காகத்தான் போனேன். அந்த மலையைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு எள்ளளவும் ஆசை கிடையாது.

விருத்தாசலத்துக்குப் பழமலை என்று இன்னொரு பேர் உண்டு, பேர்தான் மலை, ஏறிப் பழக ஒரு குன்று கிடையாது. முதுகில் களிமண் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஜங்ஷன் மேம்பாலப் படியில் ஏறி இறங்கினோம். போலீஸ்காரர் வந்து மூட்டைக்குள் என்ன என்று அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "பைத்தியமாடா நீங்க?" என்று துரத்தினார்.

மலையில் என்ன நடக்கும் என்று நினைத்தேனோ அதுதான் நடந்தது. மெதுவாகப் போ, தண்ணீர் குடி என்று வழிகாட்டிப் பையன் கெஞ்சுகிறான், ரவி சரக்கு எடுக்கிற மாதிரி மடமடவென்று முன்னால் ஏறுகிறான். தண்ணீர் கொடுத்தால் "போய்ச் சேந்துட்டுக் குடிச்சிக்கிறேன்" என்கிறான். தலைவலியை மறைத்தான், வாந்தியை மறைத்தான். கணவாயைத் தாண்டுகிற அன்று மத்தியானம் காற்று கிளம்பி எல்லாம் வெள்ளையாகிவிட்டது. முன்னால் போன கூட்டம் தெரியவில்லை, பின்னால் வந்த வழிகாட்டியும் தெரியவில்லை. கையை நீட்டினால் கை தெரியவில்லை.

அங்கேதான் ரவிக்குப் புத்தி பிசகியது. "சூடு தாங்கல மச்சான்" என்று ஜாக்கெட்டைக் கழற்றி எறிந்தான். கையுறையைக் கழற்றினான். நான் பிடித்து மாட்டப் போனேன், கையில் இருந்த கம்பால் என் வாயிலேயே ஓங்கி அடித்தான். முன்பல் ஒன்று தெறித்தது. பனியில் என் ரத்தம் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே மறுபடி ஓங்கினான். என் தங்கை புருஷன், ஒரே தட்டில் சோறு தின்றவன், என்னைக் கொல்கிற மாதிரி அடித்தான். நானும் விடவில்லை, வயிற்றில் எட்டி உதைத்தேன். ரெண்டு பேரும் கட்டிப் புரண்டு ஒரு சரிவில் உருண்டு போய் விழுந்த இடத்தில், நம்பினால் நம்புங்கள், ஒரு கல்வீடு இருந்தது.

வீடு என்றால் வீடு இல்லை. கல்லை அடுக்கி வைத்த ஒரு கூண்டு, ஆள் குனிந்து நுழைகிற வாசல். ஆட்டுக்காரர்கள் கட்டியதாக இருக்கும் என்று ரவியைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். உள்ளே கதகதவென்று இருந்தது. நெருப்பு இல்லை, சாம்பல் இல்லை. சுவரைத் தொட்டால் சுட்டது. ஆறியும் ஆறாமலும் இருக்கிற சூளைக்கு ஒரு வாசனை உண்டு, சுட்ட மண்ணும் புகையும் கலந்த வாசனை, அது என் மூக்கில் ஏறியது. ரவி சுவரோரம் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். எனக்கும் அப்படியே படுத்துவிடலாம் என்று இருந்தது. பல் போன வலிகூடத் தெரியவில்லை.

அப்போது வாசலில் டொக்கென்று ஒரு சத்தம். கல் மேல் கல் வைக்கிற சத்தம். பிறவியிலிருந்து கேட்கிற சத்தம் அது, எனக்குத் தப்பாது. திரும்பிப் பார்த்தால் வாசல் பாதி மூடியிருக்கிறது. வெளியே தனவேல் மேஸ்திரியின் குரல், பீடி பிடித்துக் கரகரத்துப்போன அதே குரல்.

"பாலு, வெளியவா?"

உள்ளேதான் இருக்கிறேன் என்று கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் வெளியே பதில் வந்துவிட்டது.

"வெளிய!"

அது என் குரல். என் தொண்டை, என் இழுவை. நான் உள்ளே வாயில் ரத்தத்தோடு உட்கார்ந்திருக்கிறேன், என் குரல் வெளியே நின்று பதில் சொல்கிறது. இன்னொரு கல் ஏறியது. ஒரு கல் அகலத்துக்கு மட்டும் வெளிச்சம் மிச்சம்.

"ரவி, வெளியவா?"

இதற்கும் ஒரு பதில் வந்தால் கடைசிக் கல் ஏறிவிடும். ஓடிப்போய் அந்தக் கல்லை எட்டி உதைத்தேன், நகத்தால் பிராண்டினேன், தோளால் இடித்தேன். ரவியோ பின்னாலிருந்து என் கழுத்தைப் பிடித்து இழுக்கிறான். "மூடட்டும் வுடுங்க மச்சான், நல்லாருக்குது" என்று என் கையைக் கடித்தான், சதை பல்லோடு வந்துவிடும்போல இருந்தது. வேறு வழி தெரியவில்லை. ஒரு கல்லை எடுத்து அவன் மண்டையில் போட்டேன். அவன் தொய்ந்து விழுந்தான். தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு வாசலை உடைத்தேன், எதால் உடைத்தேன் என்று கேட்காதீர்கள், முழங்கை எலும்பு நொறுங்கும் சத்தம் எனக்கே கேட்டது. "ரவி, வெளியவா?" என்று குரல் இரண்டாவது தடவை கேட்டது. "இருய்யா, இருய்யா, இன்னும் வரல!" என்று கதறிக்கொண்டே அவனை இழுத்தேன்.

வழிகாட்டி எங்களைக் கண்டுபிடித்தபோது ரெண்டு பேரும் வெட்டவெளிப் பனியில் கிடந்தோமாம். கல்வீடு எதுவும் இல்லை, அந்தச் சரிவில் எப்போதுமே இருந்ததில்லை என்று அடித்துச் சொன்னான். ரவிக்கு மண்டையில் தையல், குளிரில் கருகிப்போன விரல் நுனிகளை வெட்டி எடுத்தார்கள். எனக்கு உடைந்த முழங்கையில் கம்பி வைத்துத் தைத்தார்கள். உயரத்தில் மூளைக்குக் காற்று போதாவிட்டால் இல்லாததெல்லாம் தெரியும், கேட்கும் என்றார் டாக்டர். நானும் சரி என்றுதான் எடுத்துக்கொண்டேன். எனக்கென்ன, செல்வியிடம் அவனை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து மேஸ்திரிக்குப் போன் போட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள், "டேய், நீ எங்கடா இருக்கிற?" என்றார்.

"ஏங்க மேஸ்திரி?"

"முந்தாநேத்து மத்தியானம் சூளை மூடும்போது, நீங்க லீவுன்றதே மறந்துபோய் வாய் பழக்கத்துல உன் பேரக் கூப்புட்டுட்டேன்டா. பின்னாடியிருந்து நீ 'வெளிய'ன்ன. எல்லாரும் கேட்டாங்க. திரும்பிப் பாத்தா ஆளில்ல. வெளாட்டு காட்டுறான்னு நெனச்சி ரவி பேரக் கூப்புட்டேன். ரெண்டு தபா கூப்புட்டும் பதிலு வரல. எனக்கு என்னமோ ஆயிடுச்சி, வெச்ச கல்லெல்லாம் பேத்தெடுக்கச் சொல்லிட்டேன். உள்ள பாத்தா கீழ் வரிச பொம்ம பூரா சுக்குநூறா கெடக்குது, ஆளு உருண்டு பொரண்ட மாதிரி."

அடுக்கு சரிந்திருக்கும் என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன்.

ஊருக்கு வந்த பிறகு ரவி என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. அடித்த கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மண்டைக் காயமெல்லாம் ஆறி மறுபடி வேலைக்கு வந்த பிறகு, ஒருநாள் டீக்கடையில் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டான்.

"மச்சான், அந்தக் கல்லு வூட்டுக்குள்ள நீங்க எப்ப வந்தீங்க?"

"என்னடா கேக்கற, உன்னத் தள்ளிக்கிட்டு வந்ததே நான்தான்."

"இல்ல மச்சான். நீங்க வாசல்ல நின்னுட்டீங்க. மேஸ்திரி குரல் கூப்புட்டதும் நீங்கதான் 'வெளிய'ன்னீங்க. நான் பாத்தேன். குனிஞ்சி என்னயப் பாத்துக்கிட்டே கல்ல எடுத்து வெச்சதும் நீங்கதான்."

"அப்ப உன்ன அடிச்சி இழுத்தது யாருடா?"

"அதத்தான் நானும் கேக்கறேன்" என்றான். "நான் கடிச்ச கையக் காட்டுங்க."

காட்டினேன். ரெண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நானும் பார்த்தேன். கம்பி வைத்த தையல் தழும்பு இருக்கிறது, சதை பிய்கிற மாதிரி கடித்தானே, அந்தத் தழும்பு ஒரு கையிலும் இல்லை. மாசக்கணக்கில் என் கையை நானே கவனிக்காமல் இருந்திருக்கிறேன். "அப்ப நான் கடிச்ச ஆளு இன்னும் வெளிய வரல" என்றான் ரவி.

இப்போதும் அதே சூளையில்தான் வேலை. மேஸ்திரி என் பேரைக் கூப்பிடுவார், நான் "வெளிய!" என்பேன். கடைசிக் கல் வைப்பது இப்போது ரவி. உடனே வைக்க மாட்டான். நுனி போன விரல்களால் கல்லைப் பிடித்துக்கொண்டு, அந்த ஓட்டையில் காதை வைத்து எதையோ கேட்பான். நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பான். அப்புறம் கல்லை வைத்து மண் பூசுவான். பூசும்போது ஒவ்வொரு தடவையும் அவன் கண்ணில் தண்ணீர் வழிகிறது. உள்ளே என்னடா கேட்குது என்று அவனிடம் கேட்க எனக்கு இன்றைக்கு வரைக்கும் தைரியம் வரவில்லை.