தோலும் தொண்டையும் ஒன்றல்ல என்ற டாக்டர் நசீமா

ஆம்பூரில் நான் வேலை செய்யும் ஷூ கம்பெனியில் வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். மதியம் வெளியே வந்தபோது அப்பாவின் குரல்பதிவு இருந்தது. "நம்ம டாக்டரம்மா போய்ட்டாங்கடா. ஹார்ட் அட்டாக்காம்." லீவு கேட்டேன். "உனக்கு இன்னா உறவு?" என்றார் சூப்பர்வைசர்.

உறவு இல்லை. டாக்டர் நசீமா, மேல்விஷாரத்தில் தோல் மண்டி வைத்திருக்கும் வீட்டுப் பெண். என் அப்பா சேகர், தொழிற்சாலையில் தோலைத் தரம் பிரித்தவர். தொண்டைப் புற்றுநோய்க்காக அப்பாவிடமிருந்து வெட்டியெடுத்த சதையைச் சோதித்தவர் அவர்தான். கட்டியைச் சுற்றி நோயில்லாததுபோல் தெரிந்த ஓரத்தையும் அப்பாவின் சம்மதத்தோடு தன் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். அங்கேயும் உயிரணுக்களில் மரபணு உடையத் தொடங்கியதன் அடையாளங்கள் இருந்தன. அது புற்று அல்ல. ஆனால் அங்கே மறுபடி வரலாம், விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இதை அப்பாவுக்குப் புரிகிற மாதிரி சொல்ல நினைத்தார். "மேல பாத்தா நல்ல தோல் மாதிரிதான் இருக்குண்ணே. சாயம் போட்டாதானே வடு தெரியும்? அப்படித்தான் தெரிஞ்சுது."

அப்பா தலையாட்டிவிட்டு வந்தார். அடுத்த சோதனைக்குப் போகவில்லை. அதற்கடுத்ததற்கும் போகவில்லை. அம்மா அழுதாள். "வடு தெரிஞ்சா ரிஜக்ட். அத எவன் திருப்பி எடுத்துப் பாப்பான்? பேஜார் பண்ணாத" என்றார் அப்பா.

எங்களிடமிருந்து ரத்தமும் சதையும் எடுத்துப் போகிறவர்கள் திரும்பி வருவதில்லை. இவர் வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாக்கடை வழியும் எங்கள் தெருவுக்கு. அப்பா அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"உங்க மண்டியில ரிஜக்ட்ட இன்னா செய்வாங்கன்னு எனக்குத் தெரியாதா டாக்டரம்மா?"

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. டாக்டர் வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"நான் தப்பா சொல்லிட்டேண்ணே. தோல் செத்தது. உங்க தொண்டை உயிரோட இருக்கு. இப்ப பாத்தா காப்பாத்தலாம்."

"மொதல்லயே இப்படிச் சொல்றதுக்கு இன்னா?"

"தோல் வியாபாரி வீட்டுப் புத்தி. வண்டியில ஏறுங்க."

அம்மா சிரித்துவிட்டாள்.

சோதித்தபோது, அறுத்த இடத்தின் ஓரத்தில் புதிதாக ஒரு புள்ளி இருந்தது. சிறியது. எடுத்துவிட்டார்கள். அப்பாவின் குரல் தப்பியது. அவர் கைகூப்பியபோது டாக்டருக்குக் கோபம் வந்தது. "கும்புடாதீங்க. உங்க சதைய வச்சுதான் நான் படிக்கிறேன். என்ன தெரிஞ்சுதுன்னு என்னைக் கேளுங்க."

அப்பா கேட்டார்: "இது நான் குடிச்ச பீடியா, கம்பெனி கெமிக்கலா?"

"எது உடைச்சுதுன்னு இந்த அடையாளம் சொல்லாது. உடைஞ்சிருக்குன்னு மட்டும்தான் சொல்லும். மீதி எனக்கும் தெரியாது."

அந்தப் பதில் எனக்குப் போதவில்லை, இன்றும் போதவில்லை. அப்பாவின் கம்பெனிக்கு மட்டும் சந்தேகமே இல்லை. பீடி என்று சொல்லிக் கதையை முடித்துவிட்டது.

அவரை அறிந்தவர்களுக்குச் சொல்கிறேன்: அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது நன்றியை அல்ல, கேட்கும் துணிச்சலை. அவர் போன பிறகு அப்பாவை வேறொரு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, போய்ட்டு வாங்க" என்றார்.

நாங்கள் எழுந்திருக்கவில்லை.