ஒருவருக்கு ஸ்வெட்டர், ஒருவருக்கு ஈரத்துண்டு

வீட்டுத் தரகு என்பது வீட்டைக் காட்டும் தொழில் என்று நினைத்துத்தான் நானும் இதில் இறங்கினேன். இறங்கிய பிறகுதான் தெரிந்தது, இது புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் சாவிக்கொத்தோடு நிற்கிற தொழில் என்று.

கொடைக்கானல் பஜாரில் எங்களுக்கு ஒரு ஸ்வெட்டர் கடை இருக்கிறது. அத்தா வைத்த கடை. என் மனைவி ரஹ்மத் கடையைப் பார்த்துக்கொள்ள, நான் வீடு காட்டக் கிளம்பிவிடுவேன். சமீப வருஷங்களில் என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் வெளிநாட்டுக்காரர்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மிச்சக் காலத்தை எந்த நாட்டில் சுகமாகக் கழிக்கலாம் என்று தேடிக் கிளம்பியவர்கள். போர்ச்சுகல் பார்த்தோம், தாய்லாந்து பார்த்தோம், இப்போது உங்கள் ஊரைப் பார்க்கிறோம் என்பார்கள். பெண் பார்க்கிற மாதிரிதான். பஜ்ஜி, காப்பிச் செலவு மட்டும் என்னுடையது. அவர்களுக்கு வாடகை வீடுதான் தோது என்பதால், பிடிக்கவில்லை என்றால் பெட்டியைக் கட்டிவிடுவார்கள். சாவிக்கொத்தோடு அலைகிற என் சக ஜீவன்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சத்தமில்லாத வீடு

ஜெர்மனியிலிருந்து ஒருவர் வந்தார். அவருக்கு வேண்டியது அமைதி. முதல் வீட்டில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது, வேண்டாம் என்றார். இரண்டாவது வீட்டில் சர்ச் மணி கேட்டது. அடுத்ததில் பாங்குச் சத்தம், அதற்கடுத்ததில் கோயில் ஒலிபெருக்கி. மும்மதமும் தள்ளுபடி. கடைசியாக ஊரை விட்டுத் தள்ளி, காட்டை ஒட்டிய ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போனேன். வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். பின்பக்க ஓடையில் தவளை கத்தியது. முகத்தைச் சுளித்துக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

எனக்கு நிரந்தரமாக ஜீப் ஓட்டுகிறவர் முருகேசன், வத்தலக்குண்டுக்காரர். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மெதுவாகச் சொன்னார்: "பாய், இவருக்கு வீடு பாக்குறத விட்டுட்டு, காதுல வைக்க நல்ல பஞ்சு பாருங்க. சோலி வெரசா முடியும்."

இரண்டு பேரும் போட்ட திட்டம்

இனிமேல் சொல்லப்போவதெல்லாம் ஒரே ஒரு ஜோடியைப் பற்றி. கேரத், வேல்ஸ் நாட்டு மலைப்பாதைகளில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் மனைவி புஷ்பா, மலேசியாவில் ஈப்போவில் பிறந்த தமிழ்ப்பெண். நர்ஸ் வேலைக்காக வேல்ஸுக்குப் போய், இவரைக் கட்டிக்கொண்டு, அங்கேயே வேலையும் முடித்தவர். வந்த அன்றே ஸ்வெட்டர் வாங்கக் கடைக்கு வந்தார். நுழைந்ததும் ரஹ்மத்தைப் பார்த்து, "பசியாறியாச்சா?" என்றார். காலைச் சாப்பாட்டைப் பசியாறுவது என்று சொல்வது எங்கள் வீட்டு வழக்கம்; மலேசியாவிலும் அப்படித்தானாம். ரஹ்மத் உடனே ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டாள். இனி நடுவில் எனக்கு இடமில்லை.

ஸ்வெட்டரைப் போட்டுப் பார்த்தபடியே முழுக் கதையையும் சொல்லிவிட்டார். புருஷன் ஊர்க் குளிரில் வாழ்நாளெல்லாம் இருந்து புஷ்பாவின் முழங்கால் போய்விட்டது. இனி வெயில் வேண்டும். ஆனால் ஈப்போ வெயில் கேரத்துக்கு ஆகாது. ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் மயங்கி விழுந்துவிட்டார்; இந்தச் சூடு உங்கள் இதயத்துக்குக் கூடாது என்று டாக்டரே சொல்லிவிட்டார். மழைக்காலம் முடிவதற்குள் இரண்டு பேருக்கும் ஒத்துவருகிற வீடு கிடைக்காவிட்டால், புஷ்பா ஈப்போவுக்கு, கேரத் வேல்ஸுக்கு. ஈப்போவில் அக்கா ஏற்கெனவே தன் தையல் மெசினை வராந்தாவுக்குத் தள்ளி ஒரு ரூமைக் காலி செய்து வைத்திருக்கிறார். "சண்டையெல்லாம் கெடையாது, தினம் போன்ல பேசிக்குவோம்" என்று சிரித்தார். ரஹ்மத் சிரிக்கவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்த வீட்டை நான்தான் கட்டி முடிக்காமல் வைத்திருப்பது போல.

அப்புறம் எதற்காகக் கொடைக்கானல் என்று நான் கேட்டதற்கு புஷ்பா மலேசிய வழக்கப்படி 'லா' போட்டுச் சொன்ன பதில்: "தமிழ்நாடுன்னா வெயில்தானேன்னு நான் சரின்னேன். மலைன்னா குளிருதானேன்னு அவரு சரின்னாரு. அவரை ஏமாத்திட்டேன்னு நெனச்சு ப்ளேன் பூராச் சிரிச்சிட்டே வந்தேன் லா!"

வியூ

எங்கள் ஊரில் பழைய ஆட்கள் வீட்டை வெயிலுக்கு முகமும் பள்ளத்தாக்குக்கு முதுகுமாகத்தான் கட்டுவார்கள். பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வருகிற காற்று லேசுப்பட்டதல்ல. வெளியாட்கள் வந்த பிறகுதான் 'வியூ' என்ற ஒன்று எங்கள் வாயில் நுழைந்தது. கேரத்துக்கும் வியூ வேண்டும். சுவர் முழுக்கக் கண்ணாடி வைத்த ஒரு வீட்டைக் காட்டினேன். அவருக்குத் தமிழில் தெரிந்தது ஒரே வாக்கியம். கண்ணாடி முன் நின்று இரண்டு கையையும் விரித்து, "நல்லா இருக்கு!" என்றார்.

நான் வாடகை விவரத்தைச் சொல்ல ஆரம்பிப்பதற்குள் கீழேயிருந்து மேகம் ஏறி வந்து கண்ணாடியில் அப்பிக்கொண்டது. மலையும் இல்லை, மரமும் இல்லை, வெறும் வெள்ளை. புஷ்பா ஸ்வெட்டர் கையை விரல் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "இது வேல்ஸ்ல எங்க வீட்டுச் சமையக்கட்டு சன்னல் பாய். இதைக் காட்டவா இந்த மனுசன் என்னை இம்புட்டுத் தூரம் கூட்டிட்டு வந்தாரு?"

இன்னும் மேலே

அடுத்து நடந்தது என் புத்திசாலித்தனம். கொடைக்கானலில்தானே மேகம் வந்து மறைக்கிறது, மேகத்துக்கும் மேலே போய்விட்டால் வெயில் அடிக்குமே என்று கணக்குப் போட்டேன். மலைக்காரன் ஒருவன் இப்படி நினைத்தான் என்று வெளியே சொல்லாதீர்கள். மேல்மலையில், கேரள எல்லைப் பக்கம், கிளாவரை என்ற ஊரில் ஒரு வீடு காலியாக இருந்தது. "வெள்ளனே கெளம்புனாத்தான் பாய் போய்ச் சேர முடியும்" என்றார் முருகேசன். வழி நெடுக ஒவ்வொரு வளைவிலும், பின்சீட்டில் இருந்த கேரத் இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தார். பஸ் ஓட்டிய கால் அல்லவா.

வெயில் அடிக்கத்தான் செய்தது. கூடவே காற்றும் அடித்தது. கேரத் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கேரட் பிடுங்கிக்கொண்டிருந்தவர்களோடு சேர்ந்து தானும் பிடுங்க இறங்கிவிட்டார். மண்ணோடு ஒரு கேரட்டைத் தூக்கிக் காட்டி, "நல்லா இருக்கு!" புஷ்பா இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் ரஹ்மத்தின் சால்வையையும் சுற்றிக்கொண்டு ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை. பூண்டு காயவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா ஜீப் பக்கம் வந்து விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, புஷ்பாவின் கையைத் தொட்டுப் பார்த்தார். "ஐஸா கெடக்கேம்மா கை. நாங்களே பிள்ளைகளக் கீழ கட்டிக் குடுத்தாத் தேவலைன்னு மாப்பிள்ள தேடுறோம், நீங்க எதுக்கு மேல ஏறி வர்றீங்க?"

இன்னும் கீழே

மேலே ஆகாவிட்டால் கீழே. மலையடிவாரத்தில், வத்தலக்குண்டு பக்கம் அய்யம்பாளையம். மருதாநதி அணைத் தண்ணீர், தென்னந்தோப்பு, தோப்புக்குள் காரை பெயராத ஒரு வீடு. ஜீப் நின்றதும் புஷ்பா ஸ்வெட்டரைக் கழற்றிப் பையில் திணித்தார். செருப்பையும் கழற்றிவிட்டு வெயிலில் நடந்தார். முழங்கால் வலி எங்கே போனதோ, வாய்க்காலை ஒரே எட்டில் தாண்டினார். அந்தம்மா அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததே இல்லை. வீடு அமைந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

திரும்பிப் பார்த்தால், கேரத் வாய்க்காலில் காலை விட்டுக்கொண்டு, ஒரு துண்டை நனைத்துத் தலையில் போட்டபடி உட்கார்ந்திருந்தார். முகம் செங்கல்லாகச் சிவந்திருந்தது. புஷ்பா பார்ப்பது தெரிந்ததும் எழுந்து நின்று, துண்டைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்து, "நல்லா இருக்கு" என்றார். என்னிடம் தனியாக, இந்த வீட்டையே முடித்துவிடுங்கள் என்றும் ஆங்கிலத்தில் சொன்னார். அந்த மனிதரை அப்போது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. புஷ்பா செருப்பை மாட்டிக்கொண்டு ஜீப் பக்கம் நடந்தார். "வேணாம் பாய், கெளம்பலாம். அந்த மனுசன் எனக்காகப் பொய் சொல்றாரு. வெந்துபோன புருஷனை வச்சுக்கிட்டு நான் எந்த வெயில்ல காயுறது?"

சும்மா இருந்த நேரம்

அன்று சனிக்கிழமை. வழக்கமான மலைப்பாதையில் டூரிஸ்ட் வண்டிகள் வரிசையாக நிற்கும் என்பதால், முருகேசன் சித்தரேவு, பெரும்பாறை வழியாக ஏறினார். தாண்டிக்குடி போய், அங்கிருந்து கொடைக்கானலுக்குப் போகிற பாதை. கொஞ்சம் சுற்று. மழைக்காலம் முடிகிற தறுவாய். புஷ்பா ஈப்போ அக்காவுக்கு இன்றைக்குப் போன் செய்துவிடப் போகிறார் என்று எனக்குத் தோன்றியது. ரஹ்மத்துக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

கண்ணாடியில் இரண்டு பேரையும் பார்த்தபடி இருந்தேன். அடிவாரத்தில் கேரத் ஈரத்துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏற ஏறத் துடைப்பது குறைந்தது. புஷ்பா மடியில் ஸ்வெட்டர் பை. குளிர் தட்டியதும் கை தானாக உள்ளே போய்விடும், எனக்குத் தெரியும். தாண்டிக்குடி நெருங்கியது. சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே காப்பிச் செடி, மரத்தைச் சுற்றி மிளகுக் கொடி, இலைகளுக்கு நடுவே இளவெயில். கேரத் துண்டைப் பிழிந்து மடித்துப் பக்கத்தில் வைத்தார். புஷ்பாவின் கை பையின் மேல் சும்மா கிடந்தது. ஒருவர் துடைக்கவில்லை, ஒருவர் போர்த்திக்கொள்ளவில்லை. இப்படி ஒரு நிமிஷத்தை நான் இவர்களிடம் பார்த்ததே கிடையாது. "முருகேசன், நிறுத்துங்க!" என்று கத்திவிட்டேன். ஜீப் குலுங்கி நின்றது. நான் திரும்பி அந்தப் பையையே பார்த்தேன். புஷ்பாவும் பார்த்தார். பிறகு மடித்து வைத்திருந்த துண்டைப் பார்த்தார். கேரத் அவரைப் பார்த்தார். முருகேசன் பதறிப்போய் இறங்கி, முன்சக்கரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "வண்டி நல்லாத்தான இருக்கு பாய்? எதுக்கு எல்லாரும் எழவு வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க?"

வியூ இல்லாத வீடு

மேல்மலை தெரியும், அடிவாரம் தெரியும். நடுவில், தாண்டிக்குடிப் பக்கம், கீழ்மலை என்று ஒன்று இருப்பது ஊரறிந்த விஷயம். அதுதான் இந்தக் கொடைக்கானல் தரகன் மண்டையில் உறைக்கவில்லை. கொடைக்கானலைக் கேட்டு வருகிறவர்களை அங்கே கூட்டிப்போகும் பழக்கமே எங்களுக்குக் கிடையாது. டீக்கடையில் விசாரித்ததில், செல்லையா என்ற காப்பித் தோட்டக்காரரின் பழைய வீடு ஒன்று பூட்டிக் கிடப்பதாகச் சொன்னார்கள். மிளகு மூட்டை அடுக்க மட்டும் திறப்பாராம். போய்க் கேட்டால் மனிதர் கூச்சப்படுகிறார். வீடு காட்ட வெட்கப்பட்ட ஒரே வீட்டுக்காரர் அவர்தான். எந்தச் சன்னலைத் திறந்தாலும் காப்பிச் செடிதான் தெரிந்தது.

உடனே முடிவு சொல்லாதீர்கள், ஒரு வாரம் தங்கிப் பாருங்கள், மழையும் வந்து போகட்டும் என்றேன். கடைசி மழையும் அந்த வாரம்தான் கொட்டியது. கடையில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலையில் எழுந்ததும் ரஹ்மத், "போன் வந்துச்சா?" என்பாள். ராத்திரி படுக்கும்போதும் அதே கேள்விதான். முருகேசனும் இரண்டு தடவை சும்மா தாண்டிக்குடி வரைக்கும் ஓட்டிவிட்டு வந்து, வாசலில் விளக்கு எரிகிறது என்று தகவல் சொன்னார். வாரக் கடைசியில் செல்லையாதான் போன் செய்தார். "பாய், வியூ இல்லையேன்னு அந்தம்மாகிட்ட மறுபடி மன்னிப்புக் கேட்டேன். அந்தத் தொரையக் காட்டி, 'இத்தன வருசத்துல இவரு மூஞ்சிய இப்பத்தான் நிதானமாப் பாக்குறேன், இந்த வியூ போதும்'னுட்டாங்க!"

தையல் மெசின்

பால் காய்ச்சுகிற அன்று எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். வாசலில் புஷ்பா, பருத்திச் சேலையில். ஸ்வெட்டர் இல்லை. கேரத் முழுக்கைச் சட்டை, தோளில் துண்டு இல்லை. ரஹ்மத் கொண்டுபோன பாலை அடுப்பில் வைத்தார்கள். பொங்கி வழிந்ததும் கேரத் பயந்து அடுப்பை அணைக்கப் பாய்ந்தார். பெண்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவரைப் பிடித்து இழுத்தார்கள். பால் வழிய வேண்டும் என்று விளக்கியதும் அடுப்பையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றார். இந்தத் தடவை முதுகுக்குப் பின்னால் எதையும் மறைக்கவில்லை.

அப்போது ஈப்போவிலிருந்து அக்கா போன் செய்தார். ரூமுக்குப் புது மெத்தை வாங்கிப் போட்டுவிட்டேன், எப்போது வருகிறாய் என்று கேட்டது எங்கள் எல்லார் காதிலும் விழுந்தது. கேரத்துக்குத் தமிழ் புரியாது. ஆனால் எதற்கான போன் என்று தெரிந்துவிட்டது. சட்டைப் பொத்தானைத் திருகியபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரஹ்மத் என் கையைப் பிடித்துக்கொண்டாள். புஷ்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "மெத்தைய நீ போட்டுப் படுத்துக்க அக்கா. வராந்தால கெடக்குற தையல் மெசினை ரூமுக்குள்ள எடுத்து வச்சிரு லா, மழைல நனையப் போவுது. நான் அவருகூட இங்கனதான் இருக்கப் போறேன்."

கிளம்பும்போது புஷ்பா, இனி வேண்டியதில்லை என்று ஒரு பெரிய பையைத் திருப்பிக் கொடுத்தார், அத்தனையும் எங்கள் கடை ஸ்வெட்டர். வீடு காட்டும் தொழிலில் ஜெயித்த அன்றைக்கே ஸ்வெட்டர் தொழிலில் என் முதல்தர வாடிக்கையாளரை நானே ஜீப் வைத்துக் கூட்டிப்போய்த் தொலைத்துவிட்டு வந்ததற்கு, ரஹ்மத் வழியெல்லாம் என்னைப் பாராட்டிக்கொண்டே வந்தாள்.