பாதி மீசையும் ஐந்து கிகாஹெர்ட்ஸும்

எடை மெஷின் ரிப்பேர் செய்கிறவருக்குத் தெருவில் ஃப்ரிட்ஜ் என்று பெயர். ஆள் ஒல்லி, உடம்புக்கும் பெயருக்கும் சம்பந்தமே இல்லை. வாயைத் திறந்தால் குளிர், குளிர் என்பார், அதனால் வந்த வினை. பகலெல்லாம் கடை கடையாகப் போய் எடை மெஷின்களைச் சரி பார்ப்பார். நம்பரைத் தன் கண்ணால் பார்க்காமல் எந்த மெஷினுக்கும் ‘சரி’ ஸ்டிக்கர் ஒட்ட மாட்டார், கடைக்காரர் காலில் விழுந்தாலும் சரி. தொழிலில் அவ்வளவு கறார். வீட்டுக்கு வந்தால்தான் மனுஷனுக்குக் கிறுக்குப் பிடிக்கும்.

கிறுக்கின் பெயர் ஓவர்கிளாக்கிங். கம்ப்யூட்டரின் ப்ராசஸரை, அது ஓட வேண்டிய வேகத்துக்கு மேல் விரட்டு விரட்டென்று விரட்டுவது. விரட்டினால் சூடாகும், சூடானால் படுத்துவிடும். அதற்காகவே ஒரு பெல்டியர் தகடு வாங்கினார். பிஸ்கட் அளவு வெள்ளைத் தகடு, இரண்டு ஒயர். மின்சாரம் கொடுத்தால் ஒரு பக்கம் ஜில்லென்று ஆகும், மறுபக்கம் இஸ்திரிப் பெட்டி மாதிரி காயும். முதல் தடவை ஒயரை மாற்றிக் கொடுத்து, குளிர வேண்டிய ப்ராசஸரை வறுத்தெடுத்தார். அந்த நாற்றம் ஜன்னல் திரையை விட்டு இன்னும் போகவில்லை.

இரண்டாம் தடவை வேறு ப்ராசஸர் வாங்கி ஒழுங்காக மாட்டினார். சூட்டுப் பக்கத்தை ஆற்றத் தண்ணீர் ஓட வேண்டுமே! மீன் தொட்டி மோட்டாரைக் கழற்றிப் பக்கெட்டில் இறக்கினார். மீன்கள் சமையல் பாத்திரத்துக்குக் குடிபோயின. பாவம், அவை என்ன நினைத்தனவோ, ஒரு மூலையிலேயே ஒண்டிக்கொண்டன.

அடுத்த தலைவலி ஈரம். குளிர்ந்த சோடா பாட்டில் வேர்க்கிற மாதிரி தகட்டைச் சுற்றியும் வேர்க்கும். ஒரு சொட்டு கம்ப்யூட்டர் போர்டில் இறங்கினால் கதை கந்தல். சுற்றிலும் ரப்பரை ஒட்டி, வாஸ்லினை அப்பினார். அதோடு விட்டாரா? வீட்டில் ஆவிக்கே தடை போட்டார். ஈரத்துணி உள்ளே வரக் கூடாது. வெந்நீர் பால்கனியில்தான்.

“மூச்சாவது விடலாமா?” என்று கேட்டாள் மனைவி. அவள் வாசல் அறையில் தையல் கடை வைத்திருப்பவள்.

“அளவா விடு.”

வம்பு மச்சினன் ரூபத்தில் வந்தது. டைல்ஸ் கடைக்காரன், வாய்க்கொழுப்பு ஜாஸ்தி. “மாமா, இந்த ஓட்டை டப்பா அஞ்சு கிகாஹெர்ட்ஸ் வேகத்துல போகுமா? சும்மா கதை விடாதீங்க!”

மாமியார் வேறு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஃப்ரிட்ஜுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “வர்ற ஞாயித்துக்கிழமை இது அஞ்சைத் தொடலைன்னா என் பாதி மீசையை எடுத்துடறேன்டா!”

சொன்ன பிறகுதான் மீசையைத் தடவிப் பார்த்தார். அந்த ஒடுங்கிய முகத்தில் கம்பீரம் என்று இருந்தது அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் கத்தரிக்கோலோடு வந்துவிட்டான். மாமியார் பிஸ்கட் டப்பாவோடு கட்டிலில் ஏறினார். ஜன்னல், கதவு எல்லாம் அடைத்தாயிற்று. நாலரை, நாலே முக்கால் என்று திரையில் எண் ஏறியது. நாலு புள்ளி ஒன்பது தாண்டியதும் ஃப்ரிட்ஜுக்குத் தலைகால் புரியவில்லை. “எல்லாருக்கும் டீ கொண்டா!” என்று சமையலறைப் பக்கம் பார்த்துக் கத்தினார். தான் போட்ட தடை தனக்கே மறந்துபோனது.

ஆவி பறக்கும் கெட்டிலோடு மனைவி உள்ளே வந்தாள். அதே நேரம் அவர் கடைசி பட்டனைத் தட்டினார். தட்டும்போது பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பட்டென்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால் திரை கறுப்பு. போர்டின் மேல் தண்ணீர் மினுமினுத்தது.

“தொட்டுச்சா?” என்றார், குரல் உள்ளே போய்.

“நான் டீயைப் பார்த்தேன்” என்றான் மச்சினன். மாமியார் பார்த்தது பிஸ்கட்டை. “அப்போ யாரும் பார்க்கலை. மாமா, முகத்தைக் காட்டுங்க!”

“அஞ்சு” என்றாள் மனைவி. “நான் பார்த்தேன்.”

“நிஜமாவாக்கா?”

“என்னடா, என்னையே கேள்வி கேக்கறியா?”

அக்காவின் அந்தக் குரலுக்கு அவன் சின்ன வயதிலிருந்தே அடக்கம். கத்தரிக்கோலை மேஜையில் வைத்துவிட்டு, டீயைக் குடித்து, அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினான்.

மனைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவை நுனியால் துடைத்தாள். அப்போதுதான் ஃப்ரிட்ஜுக்கு உறைத்தது.

“நிஜமா பார்த்தியா?”

“எங்க பார்த்தேன்? கண்ணாடி பூரா ஆவி. உங்க மூக்கே தெரியலை.”

“அப்புறம் ஏன் சொன்னே?”

“தொடும், தொடும்னு நீங்கதானே என் உயிரை வாங்கினீங்க? தொட்டிருக்கும்.”

 இவ்வளவு நாளும் கிண்டல் பண்ணியவள் உள்ளுக்குள் நம்பியிருக்கிறாளே! கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன் போய் நின்றார். திரும்பி வரும்போது இடது பக்கம் மீசை இல்லை.

“ஐயையோ! நான் சொன்ன பொய்யெல்லாம் வீணாப்போச்சே!”

“கண்ணால பார்க்காத நம்பருக்கு நான் எப்படி ஸ்டிக்கர் ஒட்டறது?”

அவள் சிரித்த சிரிப்பில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து, தையல் மேஜையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்துவந்து அவர் மூக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தாள்.

“கோணல்மாணலா வெட்டியிருக்கீங்க. பாதின்னா சரிபாதியா இருக்க வேணாமா? அசையாம நில்லுங்க. இப்போ வேணும்னா கண்ணை மூடிக்கலாம்.”